கொடுமுடியில் ஒரு நீலக் கதவு

நிச்சயதார்த்தப் படம் எடுக்க, கொடுமுடியின் பழைய தெருவில் ஒரு நீலக் கதவைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அதில் வெயில் எப்போது விழும் என்பதுவரை திட்டம் போட்டோம். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

அன்று காலை பட்டுப்புடவையில் அந்தக் கதவில் சாய்ந்து நின்றேன். உள்ளிருந்து யாரோ தாழ்ப்பாளை அசைத்தார்கள். எனக்கு எரிச்சல். "யாருங்க அது? கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று கத்தினேன். சத்தம் அடங்கிவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து நாங்கள் விலகிய பிறகுதான் ஓர் அம்மா சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தார்.

"மில் பஸ் போயிருச்சுங்க. பரவால்லீங்க" என்றார்.

"ஏனுங்கம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"நல்ல காரியம் நடக்குது. புருசன் இல்லாதவ எதுக்கால வரக்கூடாதுன்னு நின்னுட்டனுங்க அம்மணி."

அவர் தெருமுனை தாண்டியதும் என் வருங்காலக் கணவர், "நல்லவேளை, எடுத்து முடிச்சப்பறம் வந்தாங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது அவங்க ஊட்டு வாசலுங்க!" என்று படமெடுக்க வந்த எல்லோர் முன்னாலும் சீறினேன்.

ஆனால் அந்த அம்மாவை அதட்டி உள்ளேயே நிறுத்தியது நான்தானே? எல்லோரும் புகழும் அந்தப் படத்தில் நான் அழகாகச் சிரிக்கிறேன். என் முழுப் பாரமும் அந்தக் கதவின் மேல் இருக்கிறது.