நீங்களும் ஒருக்கா வாங்க

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். ஆனால் இது நடந்தது. சூலூரில், எங்கள் வீட்டுக்கு நாலாவது வீட்டில், போன மே மாதம். சண்முகப்பிரியாவே இதை என்னிடம் தன் வாயால் சொன்னாள். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண் அவள். இப்போது சிரிப்பதில்லை.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊட்டிக்குத்தான் கிளம்பினார்கள். பிரியா, கணவன் மோகன்குமார், ஐந்து வயது மகள் ஹர்ஷிணி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அது இரண்டு தடவை தும்மினால் பிரியாவுக்குச் சோறு இறங்காது. காலை 7:40க்கு மேட்டுப்பாளையம் சேர்ந்தார்கள். அதற்குமேல் கார் நகரவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டிகள். ஒரு மணி நேரம் பொறுத்த மோகன்குமார் சட்டென்று காரைத் திருப்பினார்.

“ஏனுங்க, எங்க போறீங்க?”

“ஊட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வெள்ளைக்காரனே தாஜ்மகால உட்டுப்போட்டு நம்ம ஊர்ச் சந்தையப் பாக்க வாரான். நாம நம்ம சீமையவே பாத்ததில்ல. கெழக்கால போலாம். எந்த ரோடு வருதோ, அதுல.”

பிரியாவுக்கு எரிச்சல்தான். புது ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? ஆனால் காங்கயம் தாண்டியதும் அவளுக்கே பிடித்துப்போயிற்று. கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், ஆங்காங்கே வெள்வேல மரம், நிழலில் அசை போடும் மாடுகள். வெள்ளகோவிலுக்குக் கொஞ்சம் முன்னால் பெயர்ப்பலகை இல்லாத ஒரு ரோடு பிரிந்தது. முக்கில் இருந்த டீக்கடையில் டீ குடித்தார்கள். “அதுல போனா பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களே” என்றார் கடைக்காரர் குமாரசாமி.

“அதுதானுங்க வேணும்” என்று சிரித்தார் மோகன்குமார்.

மதியம் 12:10. எஞ்சின் சூடாகிக் கார் நின்றுவிட்டது. பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளை தாகத்தில் சிணுங்க ஆரம்பித்தாள். மோகன்குமார் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்க, பிரியா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஓட்டு வீட்டுக்குப் போனாள்.

வாசலில் ஒரு பெண். பச்சைச் சேலை. வயது முப்பதுக்குள் இருக்கும். கேட்கும் முன்பே கையில் சொம்போடு நின்றாள்.

தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி. உச்சி வெயிலில் பல் கூசியது. ஹர்ஷிணி மடமடவென்று குடித்தாள். பிரியா சும்மா சுற்றிலும் பார்த்தாள். கோழிகள் எல்லாம் வேலிக்கு வெளியிலேயே நின்றன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. கொடியில் ஈரச்சேலை சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... கீழே மண் மட்டும் காய்ந்து கிடந்தது.

வீட்டுக்குள் தொட்டில் ஆடும் சத்தம். கிரீச்... கிரீச்...

“தொட்டில்ல பாப்பாளுங்களா?”

“ஆமாங்க. தூங்கறா.”

“எத்தன மாசமாச்சுங்க?”

“அஞ்சு வயசுங்க.”

ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தொட்டிலா? பிரியாவுக்கு என்னவோ போலிருந்தது. கிளம்பினாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் வாசலை மிதித்தாலும், திரும்பும்போது நம் வீட்டுக்கு ஒரு வார்த்தை கூப்பிட்டுவிட்டுத்தான் வருவோம். வருவார்கள் என்று எதிர்பார்த்து யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாமல் திரும்பினால் மரியாதை இல்லை, அவ்வளவுதான்.

“வாரேனுங்க. நீங்களும் ஒருக்கா சூலூருக்கு வாங்க. பாப்பாளையும் கூட்டிட்டு வாங்க.”

அந்தப் பெண் அவளையே பார்த்தாள்.

“நெசமாலுமுங்களா?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க. கண்டிப்பா வாங்க.”

உள்ளே தொட்டில் சத்தம் நின்றது.

எஞ்சின் ஆறியதும் அன்றைக்கே ஊர் திரும்பிவிட்டார்கள். மறுநாள், திங்கட்கிழமை. மோகன்குமார் பட்டறைக்குப் போய்விட்டார். பிரியா சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். மணி 12:20.

ஹாலில் ஹர்ஷிணியின் குரல் கேட்டது. “வாங்க.”

வாசலுக்கு வந்தவர்களை ‘வாங்க’ என்று சொல்லவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததே பிரியாதான்.

“யாரு கண்ணு?”

“நேத்துத் தண்ணி குடுத்தாங்கல்ல... அவங்க.”

பிரியா கரண்டியோடு ஓடி வந்தாள். கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ஹாலில் யாருமில்லை. கிணற்றுப் பாசி வாடை மட்டும் குப்பென்று அடித்தது.

சொட்... சொட்... சொட்...

தரை காய்ந்திருந்தது.

ஹர்ஷிணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிரியா நெற்றியைத் தொட்டாள். அனலாகக் கொதித்தது. பத்து நிமிஷத்துக்கு முன்பு தோசை கேட்டு அடம் பிடித்த பிள்ளை.

12:35. காய்ச்சல் நூற்று நாலு.

பட்டறைக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தாள். தாழ்ப்பாள் நகரவில்லை.

“அம்மா... என்னையப் புடிச்சுக்கறாங்க...”

பிள்ளையின் கண் மேலே செருகியது.

பிரியா பிறந்ததிலிருந்து யாரையும் வாசலிலிருந்து போகச் சொன்னதில்லை. சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அக்கா... நான்தான் கூப்புட்டேன். தப்புத்தான். எம் புள்ளைய உட்டுப்போட்டு நீங்க போயிருங்க அக்கா.”

சொட்...

சொட்...

நின்றது.

மணி 1:05. பிள்ளைக்குக் குப்பென்று வியர்த்தது. “அம்மா, தோசை” என்றாள். பிரியா அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

செவ்வாய்க்கிழமை மோகன்குமார் அந்த டீக்கடைக்கே போனார். 12:50க்குப் போன் வந்தது. அந்த வீட்டுக்குக் கூரையே இல்லையாம். நாலு குட்டிச்சுவர்தான் நிற்கிறதாம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் கிணற்றில் பிள்ளை தவறி விழுந்து, எடுக்க இறங்கிய தாயும் போய்விட்டாளாம். பிறகு குமாரசாமி போனை வாங்கினார்.

“அம்மணி, வாங்கன்னு கூப்புட்டீங்களா?”

“ஆமாங்க.”

“ரெண்டு பேரையுமா?”

“ஆமாங்க. ஆனா அந்தக்காவப் போகச் சொல்லிட்டேனுங்க. போயிட்டாங்க.”



“போயிட்டாதான். இப்பத்தான் வேலியோரம் பாத்தேன். எப்பவும் புள்ளையக் கையில புடிச்சிட்டுத்தான் நிப்பா...”

பிரியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இன்னைக்குத் தனியா நிக்கறாளுங்க.”

பிரியாவின் கையிலிருந்து போன் நழுவியது. தாயைத்தான் போகச் சொன்னாள். பிள்ளையைச் சொல்லவில்லை.

ஹாலில் டிவி ஓடவில்லை. ஆனால் ஹர்ஷிணி யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க. நீ இரு.”