தார் கேட்ட கடிதம்

நாகையாவை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. மலேசியாவில், கிள்ளானுக்கு வடக்கே, ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு அகாசியா நட்ட தோட்டத்தில் அவர் மண்டோர். ஆட்களை மேய்க்கிற வேலை. நான் அந்தக் கம்பெனியின் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்.

எண்பத்து மூன்றில் நட்டார்கள். எட்டே வருஷத்தில் வெட்டலாம், முதல் வெட்டு முடிந்ததும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களுக்குச் சொந்த வீடு என்று மேனேஜர் சிவகுருநாதன் வாக்குக் கொடுத்தார். அதை நம்பி, லயத்தில் வீடு வீடாகப் போய் எல்லாரையும் சம்மதிக்க வைத்தவர் நாகையா.

அவர் ரப்பரில் பழகியவர். கிளை கழித்தால் வெட்டின காயம் மூடத் தார் பூசாமல் நகரமாட்டார். அகாசியாவில் பக்கக் கிளைகளைக் கழிக்கச் சொன்னபோதும் தார் கேட்டார். "அது ரப்பருக்கு லா. இது தானா ஆறிடும்," என்று மேனேஜர் சிரித்தார். நாகையா விடவில்லை. பஸ் பிடித்து வந்து, என் பக்கத்தில் நின்று, தார் கேட்டு ஒரு கடிதம் அடிக்க வைத்துக் கையெழுத்துப் போட்டார். தார் வரவில்லை. கார்பன் காப்பி என் ஃபைலில் கிடந்தது.

மரங்கள் மளமளவென்று வளர்ந்தன. காற்றிலுள்ள கரியை இழுத்து உள்ளே பூட்டி வைக்கிற மரம் என்று வெளிநாட்டு விருந்தாளிகளிடம் மேனேஜர் பீற்றிக்கொண்டார். அந்தப் பேச்சை அடித்துக் கொடுத்ததும் நான்தான்.

தொண்ணூற்றொன்றில் வெட்டினார்கள். வைரம் பாய்ந்திருக்க வேண்டிய நடுமரம் ஊறின ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. கிளை கழித்த காயங்கள் வழியாக அழுகல் உள்ளே இறங்கியிருந்தது. நாகையா ஒரு துண்டைச் சாக்கில் கட்டிவந்து மேனேஜர் மேசையில் வைத்தார். அறையெல்லாம் நாறியது.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டே மேனேஜர் எனக்கு அறிக்கை சொன்னார். தொழிலாளர்கள் கிளை கழித்ததில் பிழை, ஆகவே வீட்டுத் திட்டம் ரத்து. "அந்தப் பழைய காப்பி இருந்தா எடுத்துடுங்க, மிஸ் குணேஸ்வரி."

எடுத்தேன். கிழித்தேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை.

வெளியே என் மேசைக்கு வந்து, வீட்டுத் திட்டம் ரத்து என்று சொன்னேன். பெஞ்சிலிருந்து நாகையா எழுந்தார். "மிஸ், நான் தார் கேட்ட லெட்டரு இருக்குதானே? அதக் காட்டுனா வீடு கெடைச்சிரும்."

"அப்படி ஒரு லெட்டரே இல்லையேண்ணே."

"இந்த மெஷின்லதான் அடிச்சீங்க, மிஸ்."

நான் மெஷினில் அறிக்கைக்குத் தாளைச் செருகினேன். அவர் காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். லயத்தில் மறுபடியும் வீடு வீடாகப் போக வேண்டியவரும் அவர்தான்.