என் பெயரில் இருந்த மூணு மா

மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக நான் இருந்த வருஷங்களில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகம் வந்தவை நில உச்சவரம்பு அப்பீல்கள்தான். ஓர் அளவுக்கு மேல் யாரும் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வரப்போவது தெரிந்ததுமே தஞ்சாவூர் மிராசுதார்கள் நிலத்தைப் பிரித்து, கண்ணில் பட்டவர்கள் பேருக்கெல்லாம் எழுதிவைத்துவிட்டார்கள். அதெல்லாம் வெறும் பினாமி என்று வாதாடுவது என் வேலை.

ஒரு நாள் அப்படி இருபது அப்பீல்கள் ஒன்றாக விசாரணைக்கு வந்தன. வழக்குக் கட்டுகளைப் படித்தவர் என் ஜூனியர். நான் சட்டத்தை மட்டும் பேசுவதாக ஏற்பாடு. பேச்சு சூடு பிடித்ததும், ஓர் உதாரணம் காட்டலாமே என்று தோன்றியது. மேலாக இருந்த கட்டைப் பிரித்து, சீர்காழிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் யார் யாருக்கு நிலம் தானம் செய்திருக்கிறார் என்று உரக்க வாசித்தேன். முதலில் வீட்டுச் சமையல்காரர். அடுத்து சமையல்காரரின் மாமியார். பிறகு, பத்திரம் எழுதுவதற்கு முன்பே காலமாகிவிட்ட ஒரு தபால்காரர். நீதிபதிகள் இருவரும் சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் மேலே மேலே வாசித்துக்கொண்டு போனேன். கடைசியாக, ஏழாவது ஆள் ஒரு சட்டக் கல்லூரி மாணவர், மூணு மா நிலம், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். பெயர் என்னுடையது. தகப்பனார் பெயர் என் அப்பாவுடையது. ஊரும் எங்கள் ஊர்.

அப்போதுதான் கட்டின் அட்டையைத் திருப்பி, யாருடைய வழக்கு என்று பார்த்தேன். மிராசுதார் எங்கள் பெரியப்பா. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

வேறு வழியில்லை. அந்த ஏழாவது ஆள் நான்தான், இந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது என்று சொன்னேன். மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“அப்படின்னா நீங்க இப்ப எந்தக் கட்சி?”

ஆட்சி மாறும்போதெல்லாம் பலரும் என்னிடம் கேட்ட கேள்விதான். ஒரு நீதிபதி கேட்டது அன்று மட்டும்தான்.

அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டேன். அதை மட்டும் மறுவிசாரணைக்காகத் தஞ்சாவூருக்கே திருப்பி அனுப்பினார்கள். அரசுத் தரப்புச் சாட்சியாக எனக்கே சம்மன் வந்தது.

சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின வாரம் பெரியப்பா மெட்ராஸுக்கு ரயிலேறி வந்து, எங்கள் வீட்டில் ஒரு மூட்டை அரிசியை இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிட்டார். நான் கோர்ட்டில் இருந்தேன். என் மனைவிக்கு வழக்கு விவரம் எதுவும் தெரியாது. அன்றைக்குச் சாப்பிடும்போது சோறு நன்றாயிருக்கிறதே, எந்தக் கடை அரிசி என்று கேட்டேன்.

“கடையா? நம்ம நிலத்து அரிசியாம். இத்தனை வருஷமா குடுக்க மறந்துட்டாராம், உங்க பெரியப்பா சொன்னார்” என்றாள்.

அதற்குள் இரண்டாவது தடவை ரசத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூர் விசாரணையில் பெரியப்பாவின் வக்கீல் எழுந்து, அந்த நிலத்திலிருந்து எனக்கு அரிசி வந்ததா இல்லையா என்று மிடுக்காகக் கேட்டார். வந்தது என்றேன். அவர் திருப்தியாக உட்காரப் போனார். அரசு வக்கீல் எழுந்து, எப்போது வந்தது என்று கேட்டார்.

“போன செவ்வாய்க்கிழமை” என்றேன்.

விசாரணை அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். ஏழு பேர் நிலமும் உபரி என்று தீர்ப்பாகி, அதில் உழுதுகொண்டிருந்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

நாலு வருஷம் பெரியப்பா என்னோடு பேசவில்லை. பிறகு திருக்கடையூரில் அவருடைய எண்பதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. பயந்துகொண்டேதான் போனேன். மாலையும் கழுத்துமாக இருந்தவர் என் கையைப் பிடித்து இழுத்துச் சம்பந்திகளிடம் அறிமுகப்படுத்தினார்.

“என்னைத் தோக்கடிச்சது நம்ம வீட்டுப் பையன்தான். வெளியாளா இருந்தா அசிங்கமா போயிருக்கும்.”

சொல்லிவிட்டு என்னை ஒரு தூண் ஓரமாக அழைத்துப் போனார். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்க முடியுமா என்று ரகசியமாகக் கேட்டார். அரசு வழக்கறிஞரிடம் கேட்கிற கேள்வியா அது?

“போகாதீங்க பெரியப்பா” என்றேன். “அங்கயும் என்னைத்தான் கூப்பிடுவாங்க.”