கண்டிஷனர் பூசிய கொடி

என் ஓரகத்திக்குத் தெரியாத தலை எங்கள் வட்டாரத்தில் கிடையாது. கடை நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும் முடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, தூக்கம் கெட்டதா, குளிக்கிற தண்ணீர் மாறியதா என்று புட்டுப்புட்டு வைப்பாள். வாடிக்கையாளர்களுக்கு அவள் டாக்டரம்மா. எனக்கு அக்கா. முடி வெட்டுவது அவள். தலை அலசுவது, தரை கூட்டுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது என் வேலை. கடைசி வேலை மட்டும் எனக்குச் சரிப்பட்டு வராது.

குளிர்காலம் தொடங்கியதும் எங்கள் மாமியார் மூன்று மாதத்துக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பினார். போகிற வழியில் தன் மணிபிளான்ட்டைக் கடையில் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடிக்கு மேலே பலகையில் தொட்டி, அங்கிருந்து கதவு வரைக்கும் தொங்கும் ஆறடிக் கொடி.

"வெளிச்சம் இங்கதான் நல்லாருக்கு. பாத்துக்கோ," என்றார், என்னைப் பார்த்து.

"நான் பாத்துக்கறேன் அத்தை," என்று அக்கா முந்திக்கொண்டாள்.

ஏன் முந்திக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டாவது தடவையும் அவளுக்குக் கரு தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே மாமியார் அடுப்படியில் ஒரு வார்த்தை விட்டார். "இவ கையில எதுவும் தழைக்காது." நான் அப்போது புது மருமகள். அடுத்த அறையில் படுத்திருந்த அக்காவின் காதிலும் அது விழுந்தது. அதற்கப்புறம் குழந்தை பிறக்கவும் இல்லை, அவள் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. ஆனால் இந்தச் செடி செத்தால் அந்த வார்த்தை பலித்த மாதிரி ஆகிவிடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஐந்தாவது வாரம் இலை நுனிகள் காய ஆரம்பித்தன. தொட்டால் அப்பளமாக நொறுங்கின. "தண்ணி பத்தல," என்று அக்கா காலையும் மாலையும் ஊற்றினாள். பலகைக்கு நேர் கீழே குளிருக்குப் போட்டிருந்த ஹீட்டர் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. பிறகு டாக்டரம்மா தன் வைத்தியத்தைக் காட்டினாள்.

"நுனி வறண்டிருக்கு. முடி மாதிரிதானே இதுவும்?" என்று பஞ்சில் கண்டிஷனரைத் தொட்டு இலை இலையாகப் பூசினாள்.

"முதல்ல ஷாம்பூ போட வேண்டாமாக்கா?" என்றேன்.

"நீ போய்த் தலையை அலசு."

இரண்டு நாள் கொடி மினுமினுவென்று விளம்பரத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பாதி இலை பழுத்துக் கொட்டியது.

அக்கா தொட்டியைக் கவிழ்த்தாள். மண் சொதசொதவென்று வந்தது. வேர் கறுத்துப்போய் நாற்றம் அடித்தது.

"இதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சிடலாம்க்கா. அத்தைக்குத் தெரியவா போகுது?"

"வேற செடி எனக்கு எதுக்கு? இதுதான் பிழைக்கணும்," என்றாள்.

கத்தரிக்கோலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். பச்சை மிச்சமிருந்த இடமாகப் பார்த்து, துண்டுக்கு ஒரு கணுவும் ஒரு இலையும் இருக்கும்படி நறுக்கினாள். மொத்தம் பதினொரு துண்டு. இலைகளில் இருந்த பிசுக்கைக் கழுவி, சீப்பு போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடிகளில் தண்ணீர் ஊற்றி அவற்றை நிறுத்தினாள். ஹீட்டரை எதிர் மூலைக்குத் தள்ளினாள். யாராவது என்னவென்று கேட்டால் "ஐ.சி.யூ." என்று சொல்வேன்.

இரண்டு துண்டு அழுகிப்போயின. மற்ற ஒன்பதிலும் நாலாவது வாரம் வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கியது. அக்கா தினமும் எண்ணிப் பார்த்தாள், நானும் அவளுக்குத் தெரியாமல் எண்ணினேன்.

மாமியார் ஊரிலிருந்து நேராகக் கடைக்குத்தான் வந்தார். பலகையில் காலித் தொட்டி இருந்தது.

"எங்கம்மா கொடி?" என்று என்னைக் கேட்டார்.

அக்காதான் பதில் சொன்னாள். "கெடுத்தது நான் அத்தை. தண்ணியை ஊத்தி வேரை அழுக வச்சேன். கண்டிஷனர் வேற பூசினேன். அப்புறம் வெட்டித் தண்ணில வச்சேன். ஒன்பது வேர் விட்டிருக்கு."

மாமியார் ஒரு ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பரவாயில்லையே. ஒண்ணு ஒன்பதாயிருக்கு."

நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அக்கா விடுவதாக இல்லை.

"அப்போ அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கோங்க அத்தை."

"எந்தப் பேச்சு?"

"என் கையில எதுவும் தழைக்காதுன்னு சொன்னீங்களே."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். நான் எப்போது சொன்னேன் என்று மாமியார் மழுப்புவார் என நினைத்தேன். மழுப்பவில்லை. ஜாடியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொன்ன அன்னிக்கே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் வரல. எது சொன்னாலும் இவளைப் பார்த்தே சொல்லிட்டு இருந்தேன்." முதல் தடவையாக அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "வாபஸ் வாங்கிட்டேன்மா."

இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதும் அழாதவள், அன்றைக்கு அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதாள்.