ஐந்து மணித்தியாலத்து மெல்பேர்ன்

பக்கத்துக் காம்பராவில் கருப்பம்மா சிரித்தால் றீட்டாவுக்கு வயிறு எரியும். இருவருக்கும் ஒரே லயத்து வரிசையில்தான் வீடு, தேயிலைக் கொழுந்து எடுப்பதும் ஒரே மலையில், நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் கருப்பம்மாவின் மகள் துஷாந்தினி இருப்பது மெல்பேர்னில். றீட்டாவின் மகன் ரொஷான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். மூன்று நத்தார்ப் பண்டிகைக்கும் அவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பதுளைக்கு ரயிலில் பத்து மணித்தியாலம், கிடைக்கிற லீவு வழியிலேயே போய்விடும் என்பான். கேட்பவரிடமெல்லாம் றீட்டாவும் அதையே சொல்லி மகனின் மானத்தைக் காப்பாற்றி வந்தாள்.

துஷாந்தினியோ வருடம் தவறாமல் வந்தாள். இந்த முறை டிசம்பரில் வருகிறாளாம். அதைச் சொல்ல, கூடையை இறக்கிவைக்கும் வரைகூடக் கருப்பம்மாவுக்குப் பொறுமை இல்லை.

“போறதுக்குத்தான் பதினாறு மணித்தியாலம், றீட்டா. அங்கேருந்து வாறதுக்கு அஞ்சே அஞ்சு.”

இங்கே நடுச்சாமத்தில் ஏறினால் அங்கே மறுநாள் சாயந்தரம் நாலு மணிக்கு இறங்கலாம். அங்கே சாயந்தரம் அஞ்சுக்கு ஏறினால் இங்கே ராத்திரி பத்துக்கு வந்துவிடலாம். கருப்பம்மா விரல்விட்டே எண்ணிக் காட்டினாள். மலையில் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. பெரகலயிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் பஸ் முக்கி முனகும், இறங்கும்போது பறக்கும். போகிற வழி ஏற்றம், வருகிற வழி இறக்கம். பிளேனுக்கு மட்டும் வேறு சட்டமா என்ன?

றீட்டாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கடல் தாண்டிப் போனவள் அஞ்சு மணித்தியாலத்தில் வருகிறாள், கொழும்பில் இருக்கும் தன் பிள்ளைக்குப் பத்து. ஆண்டவர் கண்ணுக்குக்கூடப் பக்கத்துக் காம்பராதான் தெரிகிறது என்று வெந்து போனாள்.

சாயந்தரம் ரொஷானைப் போனில் பிடித்துப் புலம்பினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மெல்பேர்னில் கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறதாம். எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றராம். போனாலும் பத்தரை, வந்தாலும் பத்தரை, ஏற்றமுமில்லை இறக்கமுமில்லை என்றான்.

றீட்டாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. போனை வைத்த கையோடு அடுத்த வாசலில் போய் நின்றாள். கருப்பம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். “அஞ்சும் இல்ல, பதினாறும் இல்லக்கா. பத்தரை. எங்க ரொஷானே கணக்குப் பார்த்துச் சொல்லிட்டான்” என்று ஒன்றுவிடாமல் விளக்கினாள்.

கருப்பம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ரொட்டியைப் புரட்டிப் போட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப ஏம் மக வாற பிளேனும் ஒம் மகன் வாற ரயிலும் ஒரே நேரந்தானா?” என்றாள், மனதில் கள்ளமில்லாமல். “தம்பி எப்ப வருது?”

ரயிலில் பத்து மணித்தியாலம் என்ற மூன்று வருடப் பதில் றீட்டாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சற்று முன்னால் அவளே கெடுத்திருந்தாள். கருப்பம்மா நீட்டிய ரொட்டியை வாங்கிக்கொண்டாள். பிளேன் மேல் இருந்த பொறாமையெல்லாம், வரவேண்டும் என்று நினைக்கிற பிள்ளையைப் பெற்றவள் மேல் வந்து நின்றது.