பட்டியில் ஒரு தக்காளித் தொட்டி

மண்ணே இல்லாமல் செடி வளர்க்கலாம் என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டு, எங்கள் தோட்டத்தில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்பாவிடம் இடம் கேட்டேன். "மண்ணு வேண்டாங்கறவனுக்கு மண்ணிருக்கற எடம் எதுக்கு?" என்று மாட்டுப்பட்டியில் ஒரு மூலையைக் காட்டினார். பொங்கல் நோம்பி முடிவதற்குள் ஒரு பழமாவது அவர் கண்ணில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கோயமுத்தூர் மில்லுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பது பேச்சு. பஞ்சுத்தூசியை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

முதலில் பெட்டியில் ஆற்றுமணலை நிரப்பி, மேலே ஓட்டைப் பானை கட்டி செடிக்கு உணவாகும் உப்புக்கரைசலைச் சொட்டவிட்டேன். மணலில் உப்புப் பூத்து நாற்றெல்லாம் கருகிவிட்டது. அடுத்து சரளைக்கல். காலையும் மாலையும் கரைசலை ஊற்றி வடிக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன், அத்தனையும் காய்ந்து கிடந்தன. மூன்றாவதாக, தரையில் பாதி புதைத்த சிமிட்டித் தொட்டி. நிறையத் தண்ணீர், அதில் வெடியுப்பும் பேதியுப்பும் இன்னும் சிலதும், மேலே கம்பிவலை, வலைமேல் வைக்கோல், அதில் தக்காளி. வேர் தண்ணீரில் தொங்கும். செடிக்கும் பேதி கொடுக்கிறான் என்று ஊரே சிரித்தது. எரிச்சலாக வந்தது. ஆனாலும் செடி தழைத்து, ஒரே ஒரு காய் பிடித்தது.

பட்டிப் பொங்கலான மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் அது சிவந்துவிட்டது. கிணற்றடியில் எருதுகளைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட ஓடினேன். "இருடா, வாரேன்" என்று கொம்பைத் துடைத்தார், வாலைத் துடைத்தார். எனக்கு உயிரே போயிற்று.

அன்றைக்குப் பட்டியில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் நிரப்பி, ஓரத்தில் பூ வைத்து, மாடுகளை அதை மிதித்துத் தாண்டவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சென்னிமலையிலிருந்து நோம்பிக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, என் தொட்டியை முன்பின் பார்த்ததில்லை. நாங்கள் திரும்பியபோது தொட்டியின் ஓரமெல்லாம் ஆவாரம்பூ. வலை அமுங்கி, செடி சாணியில் மிதிபட்டுக் கிடந்தது.

"தெப்பக்குளம் ஜோராக் கட்டியிருக்கறே கண்ணு. செவலைப் பசு அந்தப் பழத்தைத் தின்னுபோட்டுத்தான் தாண்டுச்சு" என்றார் அத்தை, பூரிப்பாக.

வீட்டில் பிறந்த பெண், அதுவும் நோம்பி நாள். வாயைத் திறக்க முடியுமா? அப்பாவிடம்தான் சொன்னேன். "பழம் இருந்துச்சுங்கப்பா. அத்தையே சொல்றாங்கல்ல."

"நான் பாக்கலியே" என்றார்.

அடுத்த வாரம் மில்லில் சேர்ந்தேன். அப்பா தொட்டியைக் கழுவி, மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வைத்துக்கொண்டார்.