மலைக்கும் கடலுக்கும் நேர்ந்த ஒரே தலை

அடியார்களே, முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட நானே சொல்லிச் சிரிக்க வைத்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். இருந்த ஒரே தலைமுடியை நான் இரண்டு சந்நிதிக்கு நேர்ந்துவிட்டேன். பழனி மலைக்கு ஒரு தடவை, திருச்செந்தூர்க் கடற்கரைக்கு ஒரு தடவை. அவருக்குத் தெரியாமல் இவருக்கு, இவருக்குத் தெரியாமல் அவருக்கு.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வியாபாரிகளிடம் பேசுவதும் நான்தான். எங்கள் தொழிலில் இது புதுசும் இல்லை. ஒரே சரக்கை ஈரோட்டு வியாபாரிக்கும் பேசுவோம், மதுரை வியாபாரிக்கும் பேசுவோம். எவர் லாரி முதலில் வருகிறதோ அவருக்கு ஏற்றிவிட்டு, மற்றவரிடம் "துணி இன்னும் சலவையில இருந்தே வரலீங்க" என்போம். அந்தப் புத்தியோடுதான் முருகனிடமும் போய் நின்றேன்.

இந்தி எதிர்ப்புக் கலவரம் நடந்ததற்கு அடுத்த வருஷம், கார்த்திகை மாதம். என் மனைவி வடிவுக்குக் காய்ச்சல் கண்டது. வடிவு செந்தூர்ப் பக்கத்துக்காரி. பஞ்சு ஆலை வேலைக்காகத் திருப்பூர் மண்ணரையில் வந்து குடியேறியவர் அவள் அப்பா. கல்யாணமான நாள் முதலாக எங்கள் வீட்டில் ஒரு வழக்கு தீராமல் நடந்துகொண்டிருந்தது.

"உங்க சாமி கோவிச்சுக்கிட்டு மலையேறி உக்காந்துட்டாரு. எங்க சாமி சூரனை செயிச்சுட்டுக் கடக்கரையில காத்து வாங்குதாரு" என்பாள்.

"உங்காளுக்கு முட்டிவலியாட்ட இருக்குது புள்ள, அதான் மலையேற முடியல" என்பேன் நான்.

காய்ச்சல் வந்ததும் வழக்கு நின்றது. டைபாய்டு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பகலெல்லாம் கம்பெனியில் கத்தரி, பொழுது சாய்ந்தால் அவள் கட்டிலோரம். நடையே என் நடையாக இல்லை. யாரோ என்னை இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. அவளுக்குக் கண் திறக்கத் தெம்பில்லை. கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்டினால் வாயோரமாக வழிந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டுவேன். மறுபடியும் வழியும்.

டாக்டர் சொன்னார்: "மருந்து குடுத்தாச்சு. இனி அவங்களே வாய் திறந்து பசிக்குதுன்னு கேக்கோணும். கேட்டாங்கன்னா தேறிக்குவாங்க."

"கேக்காட்டிங்க?" என்றேன்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிறவன் நான். அன்று என்னிடம் ஒரு சிரிப்பும் இல்லை. அழுவதற்கும் அலுப்பாக இருந்தது. வராந்தாவுக்கு வந்து தெற்கே பார்த்து நின்றேன். "மலைக்காரா, எனக்கு ஒண்ணுந் தெரியல. இவளைக் குடுத்திரு. தைப்பூசத்துக்கு நடந்தே வந்து முடியெறக்கறேன்." வீட்டுக்குப் போய் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்தேன்.

மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. அப்போதுதான் என் வியாபார மூளை விழித்தது. இது மலைக்காரர் எல்லையில் வராதோ? செந்தூர்க்காரிக்குச் செந்தூராரிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? இன்னொரு மஞ்சள் துணி. இன்னொரு காசு. அதே முடி. செந்தூரும் தெற்கேதான் இருக்கிறது என்பதால் திரும்பி நிற்கிற சிரமம்கூட எனக்கு இல்லை.

அதற்கப்புறம் ஒரு காலைநேரம். கம்பெனியில் நடந்த ஏதோ ஒரு கதையை அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கிறாள் என்று நினைத்துச் சொல்லவில்லை. பேச்சை நிறுத்தப் பயந்து சொன்னேன். கண்ணைத் திறக்காமலே அவள் என்னமோ முனகினாள்.

"என்ன புள்ள?" என்றேன்.

"செவிடா? பசிக்குதுன்னேன்."

அடியார்களே, அன்று ஒரு டம்ளர் கஞ்சியை அவளுக்கு ஊட்டினேன். ஒரு சொட்டுகூட வாயோரம் வழியவில்லை.

சொன்னபடி தைப்பூசத்துக்கு நடந்தேன். நின்ற இடத்திலேயே நின்று துணி வெட்டிப் பழகிய கால். தாராபுரம் போவதற்குள் குதிகால் வெடித்துவிட்டது. அமராவதி ஆற்றில் காலை நனைத்தேன், எழுந்திருக்க மனசே வரவில்லை. பின்னால் வந்த கூட்டம் அரோகரா போட்டு என்னைக் கிளப்பியது. பழனி அடிவாரத்தில் முடி எடுக்க உட்கார்ந்தபோதுதான் செந்தூர்க் கணக்கு ஞாபகம் வந்தது.

"பின்னால கொஞ்சம் உட்டற முடியுமுங்களா?" என்று முடியெடுப்பவரிடம் கேட்டேன்.

"எதுக்குங்க?"

"இன்னொருத்தருக்கும் சொல்லி வெச்சிருக்குதுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலை முழுவதையும் வழித்துவிட்டார். படியேறிப் போய் நின்றேன். கையில் தண்டோடு ஆண்டியாக நிற்கிறார். அவரும் மொட்டை, நானும் மொட்டை. இவரிடம் எதையடா மறைத்தோம் என்று வெட்கமாகப் போனது.

மாசியில் ஒரு சாயங்காலம் வடிவுக்கு மறுபடியும் உடம்பு சுட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கடலோரத்துக்காரர் தன் பங்கைக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மிச்சமிருந்த செந்தூர் முடிப்பையும் எடுத்துக் காட்டினேன். டைபாய்டில் முடி கொட்டி அவள் தலையும் பாதி வெறுந்தலைதான். அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"கிறுக்கு மனுசா! மலையில நிக்கவரும் கரையில நிக்கவரும் ஒரே ஆளுதானே? அவருகிட்டயா யாவாரம் பேசுனீய?"

"அப்ப பழனியில குடுத்ததே போதுமல்ல?" என்றேன் ஆசையாக.

"அவரு ஒருத்தருதான். ஆனா நீங்க ரெண்டு வாட்டில்லா கேட்டீய? சொன்னா சொன்னதுதான். கெளம்புங்க."

விடிந்தபோது அவள் உடம்பு குளிர்ந்திருந்தது. வெறும் சளிக்காய்ச்சல் என்றார் டாக்டர். இருக்கட்டும். அது எதற்கு வந்தது என்று எனக்குத் தெரியும்.

அதிலிருந்து ஒரே சரக்கை இரண்டு பேருக்குப் பேசுவதில்லை. இல்லையென்றால் இல்லீங்க என்று சொல்லிவிடுகிறேன். முதலாளிக்கு என்மேல் வருத்தம்தான். "உன்னைய மலைக்கு அனுப்பிச்சது தப்பாப் போச்சு" என்கிறார். கட்டிங் மேசையில் கத்தரியை எடுக்கும் முன் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன். மந்திரம் ஒன்றும் தெரியாது. "வடிவு இன்னைக்கும் என்கூடச் சண்டை போட்டா, சாமி" என்று சொல்வேன். அதுதான் என் பூசை.

ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். கூப்பிடுங்கள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டாலும் கூப்பிடுங்கள். என்னைப்போல் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டவனுக்கே காது கொடுத்தவர் அவர். மலையில் நின்றாலும் கேட்கும், அலைச் சத்தத்துக்கு நடுவில் நின்றாலும் கேட்கும்.

மாசி முடிவதற்குள் செந்தூர் போனோம். பஸ்ஸும் ரயிலுமாக மாறி மாறிப் போய், இறங்கியபோது எலும்பெல்லாம் கழன்ற மாதிரி இருந்தது. வடிவு கடலைப் பார்த்ததும் என்னை மறந்து தண்ணீரில் இறங்கிவிட்டாள். நான் முடியெடுக்கும் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். என் தலையில் இருந்தது தேங்காய் நார் மாதிரி ஒரு விரல்கடைகூட இல்லாத முடி. அதைத் தடவிப் பார்த்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பழனியிலிருந்து ஆரம்பித்துக் கதை முழுவதையும் சொன்னேன்.

"இத்தனூண்டு முடியச் சாமி ஏத்துக்குமுங்களா, அண்ணாச்சி? நல்லதையெல்லாம் அங்க குடுத்துப்போட்டு மிச்சத்தை இங்க கொண்டாந்திருக்கறனுங்க. குத்தமாயிருமுங்களா?"

அவர் என் தலையில் தண்ணீரைத் தெளித்தார்.

"பேசாம குனியும்."